வீட்டில் ஒரு பரீட்சைப் பிள்ளை

உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பிள்ளையின் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதிப் பார்ப்பது. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தத் தாள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: காலை நாலரைக்கு எழும்புதல். ஐந்தரைக்குத் திருநெல்வேலியிலோ நல்லூரிலோ ஒரு தகரக் கொட்டிலில், முதுகு சாய இடமில்லாத வாங்கில் இரசாயனவியல். அங்கிருந்து நேரே பாடசாலை. ஒன்றரைக்குப் பாடசாலை விட, சைக்கிளில் வீட்டுக்கு ஓடிவந்து அவதிஅவதியாகச் சோறு. இரண்டரைக்கு அடுத்த வகுப்பு, நாலரைக்கு இன்னொன்று. வீடு திரும்பும்போது இருட்டிவிடும். குளித்துச் சாப்பிட்டு, "இனித்தான் படிக்க வேணும்" என்று மேசைக்கு வர இரவு எட்டாகும். படுக்கப் பன்னிரண்டு. சனி, ஞாயிறு என்றால் பாடசாலை நேரத்தையும் வகுப்புகளே எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தாளில் இரண்டு இடங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட வேண்டும். முதலாவது நித்திரை. பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினால் கிடைப்பது நாலரை மணித்தியாலம். 13 முதல் 18 வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. படித்தது மனதில் நிலைப்பதற்கும் அந்த நித்திரை தேவை. இரண்டாவது, பிள்ளை தனியே புத்தகத்தோடு இருந்த நேரம். நாள் முழுவதும் பிறர் சொல்லச்சொல்லக் கேட்ட பிள்ளைக்குத் தானாக யோசிக்கக் கிடைத்தது மூன்று, நாலு மணித்தியாலம். அதுவும் உடம்பு மிகக் களைத்த நேரம்.

ரியூசனை ஒரேயடியாகத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ பிறந்த பிள்ளைக்கு உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் கிடைப்பது அரிது. அந்தப் பிள்ளை நகரத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கித்தான் படிக்கிறது. அதற்கு ரியூசன் ஒரு கைத்தடி. மறுக்க வேண்டியது வேறொன்றை. ஒரே பௌதிகவியலுக்குத் தியரிக்கு ஒரு சேர், ரிவிஷனுக்கு இன்னொரு சேர், பேப்பர் கிளாசுக்கு மூன்றாமவர் என்று மூன்று கொட்டில்களில் பிள்ளையை இருத்தும் வழக்கம் இங்கே இருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை போகிறது என்பதைத் தவிர அதற்குப் பல வீடுகளில் வேறு காரணம் இல்லை. ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் போதும். புதிய வகுப்பொன்றில் சேர்ப்பதாயிருந்தால் பழைய வகுப்பொன்றை நிறுத்திவிட்டுத்தான் சேர்ப்பது என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். அறநெறி வகுப்புகளுக்காக ஞாயிறு காலையில் ரியூசன் நடத்தக்கூடாது என்று மாவட்ட மட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் உண்டு. அவை எந்தளவுக்கு நடைமுறையில் இருந்தாலும், வாரத்தில் ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க எந்த வீட்டுக்கும் அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை.

அப்படி மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்வது? கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: ஒரு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது; இரண்டு தடவை வாசித்தவர்களுக்கு 42 வீதம். எனவே பிள்ளை ஓர் அலகைப் படித்ததும் கொப்பியை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில் நினைவிலிருப்பதை எழுத வேண்டும். பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி. முதல் தடவை பாதிக்குமேல் விடுபடும், பிள்ளை சோர்ந்துபோகும். படிப்பு நடப்பது அப்படி விடுபட்டதைத் தேடிச் சேர்க்கும்போதுதான் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இன்னொரு பொக்கிஷம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பரீட்சைத் திணைக்களம் கடந்தகால வினாத்தாள்களோடு, பாடம் பாடமாக மதிப்பீட்டு அறிக்கைகளையும் தமிழில் வெளியிட்டிருக்கிறது. எந்த வினாவுக்கு எத்தனை வீதமானோர் சரியாக விடை எழுதினார்கள், எங்கே வழுக்கினார்கள், புள்ளி எப்படிப் பகிரப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாவது பேப்பர் கிளாசுக்குக் கட்டும் காசை மிச்சம் பிடிக்க விரும்பும் தகப்பன், அந்த அறிக்கையை அச்சிட்டுப் பிள்ளையின் மேசையில் வைத்தால் போதும்.

இவ்வளவும் நேர மேலாண்மை. யாழ்ப்பாணத்துப் பரீட்சைப் பிள்ளையின் தோளில் இருக்கும் பாரம் இதனால் மட்டும் இறங்காது. அந்தப் பாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பெற்றோர் அதை அறிந்து வைத்திருந்தால்தான் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரியை நிறுவியதும், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதுமாக, குடாநாட்டில் படிப்புத்தான் பிழைக்கும் வழி என்றாகியது. ஆறு ஓடாத மண். கிணற்றுத் தண்ணீரில் புகையிலையும் வெங்காயமும் விளையும் சின்னச் சின்னத் தோட்டங்கள். மிச்சம் எல்லாம் உத்தியோகம். பிறகு 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. ஒரு தலைமுறையின் கோபத்துக்கு அது விதையானது. ஒரு புள்ளியில் வாழ்க்கையே போய்விடும் என்ற பயம் வீட்டுக்குள் வந்து குந்தியதும் அப்போதுதான்.

போர்க் காலத்தில் அந்தப் பயத்தோடு ஒரு பெருமிதமும் சேர்ந்தது. 1990இலிருந்து ஆண்டுக்கணக்கில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வெறும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, சின்னதாக எரியும் திரியில் பிள்ளைகள் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள் உண்டு. வீடு போனது, காணி போனது. சோதனை மட்டும் போகவில்லை. அந்தச் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய பற்றுக்கோடு என்பதை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அந்தப் பிள்ளைகள்தான் இன்றைய பெற்றோர். "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள். உனக்கு ஃபானும் லைற்றும் இருந்தும் ஏன் ஏலாது?" என்ற கேள்வி குடாநாட்டில் எத்தனையோ சாப்பாட்டு மேசைகளில் எழுகிறது. கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதிலே இருக்க முடியாது. தகப்பனின் போரைப் பிள்ளை திரும்பவும் நடத்தி வெல்ல முடியாது. விளக்குக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், கதையாக. எப்படி இருந்தது, யார் எண்ணெய் கொண்டுவந்தது, எவ்வளவு பயந்தோம், எந்தப் பாடம் ஓடவில்லை என்று முழுதாகச் சொன்னால் பிள்ளை கண் விரியக் கேட்கும். புள்ளித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அதுவே பிரம்பாகிவிடும்.

ஆறுதல் சொல்ல வருபவருக்கு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம் சரிவரும்" என்பதைவிட, "இசட் புள்ளி இப்படித்தான் கணிக்கப்படுகிறது" என்று சொல்லத் தெரிந்த தாய் பிள்ளைக்குக் கூடுதலாக உதவுவாள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வந்ததன் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளி. ஆகவே வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும் சராசரி இறங்கும். "பௌதிகவியல் பேப்பர் செத்துப்போச்சு" என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லக்கூடிய உண்மையான ஆறுதல் இது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மாணவர் "கொமன் ஜெனரல்" என்று அலட்சியமாக விடும் பொதுப் பரீட்சையில் 30 புள்ளி எடுக்காவிட்டால் மூன்று ஏ இருந்தும் அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

இடங்களின் அளவையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரத்தில் நூற்றுக்கு 63 பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றார்கள். அப்படித் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். மருத்துவமும் பொறியியலும் அதற்குள் ஒரு சிறு மூலை. இடம் கிடைக்காத பிள்ளை படிக்காத பிள்ளை என்ற முடிவுக்கு வருபவர் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்.

தரம் 5 புலமைப்பரிசில் பற்றி இவ்விடத்தில் சுருக்கமாக. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களோடு, ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்குக் கொண்டுபோகவே அந்தப் பரீட்சை வந்தது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். அதைத் தாண்டாத பிள்ளையும் அடுத்த ஆண்டு தரம் 6இல் இருக்கும். எந்தக் கதவும் மூடப்படுவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரவு வகுப்பு வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இனிப் பெறுபேறு வரும் நாள். இப்போது இணையத்தில் இரவிலும் வந்துவிடும். கைபேசி சூடாகும். பெறுபேற்றை முதலில் பார்க்கும் உரிமை பிள்ளைக்கு. சுட்டெண்ணைத் தகப்பனோ ரியூசன் சேரோ வைத்திருந்து முந்திக்கொள்ளக்கூடாது. விடியும்முன் கனடாவிலிருந்து மாமா, பாரிசிலிருந்து சித்தி, அடுத்த ஒழுங்கையிலிருந்து மாமி: "என்ன, பிள்ளைக்கு எத்தினை ஏ?" இவர்களுக்கு என்ன சொல்வது என்று முதல் நாளே வீட்டில் பேசி வைக்கலாம். "றிசல்ட் வந்திட்டுது அண்ணை. பிள்ளை ஆறுதலா உங்களோடை கதைப்பான்" என்பது போதுமான பதில். வெளிநாட்டு உறவினர் வகுப்புக் காசு அனுப்பியிருக்கலாம். நன்றி சொல்லும் கடமை பெற்றோருடையது, அதைப் பிள்ளையின் புள்ளியால் அடைக்கக்கூடாது. பிள்ளையிடம் அன்றைக்கு நீளமாகப் பேச வேண்டாம். "முதல்ல சாப்பிடு. உனக்கு எப்பிடி இருக்கெண்டு சொல்லு, நாங்கள் கேக்கிறம்." அன்றைக்கு அது போதும். பாடப்பிரிவை மாற்றுவதா, திரும்ப எடுப்பதா என்ற பேச்சை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும்.

அடுத்தநாள் சந்திகளில் பதாகைகள் எழும். உதயன், வலம்புரி பத்திரிகைகளில் வாழ்த்து விளம்பரங்கள் வரும். தமிழ்நாட்டில் 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் பழக்கத்தை அரசே நிறுத்தியது. பிள்ளைகளின் மனவுளைச்சலைக் குறைப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்களும் அந்த வழியில் யோசிக்க வேண்டும். மூன்று ஏ எடுத்த பிள்ளையைப் பாராட்டுவதில் குறையில்லை. பதாகைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி, எஸ் மூன்றோடு நிற்கும் பிள்ளைக்கு அடுத்த வழி காட்டும் ஒரு நாள் ஆலோசனை முகாமுக்குப் போகலாம். இப்போது அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு எவரும் பேசுவதில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. சாப்பாட்டை விடுதல், இரவிரவாக நித்திரை இன்மை, சிநேகிதரைத் தவிர்த்தல், ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தல், "நான் இல்லாட்டி உங்களுக்குச் சுகம்" என்ற மாதிரிப் பேச்சு. இப்படிப் பேசும் பிள்ளையிடம் "சாக வேணும் போல இருக்கா?" என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியே விடக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கமும், சிறுவர்களுக்கான 1929உம் உடனே அழைக்கக்கூடியவை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணையைத் தமிழில், இந்த ஊரின் பேச்சில் வளர்த்தெடுத்த நிறுவனம். போர் ஒரு சமூகத்தின் மனதில் ஏற்படுத்திய காயங்களை ஆராய்ந்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால், உளவளத்துணைக்குப் போவதை வெட்கமாக நினைக்கும் வழக்கம் இங்கே கொஞ்சமாவது தளர்ந்திருக்கிறது.

தோட்டக்கார வீடுகளுக்கு ஒரு சொல். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. கொடிய நஞ்சுள்ள பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, அது ஏறத்தாழ 70 வீதத்தால் இறங்கியது. அந்தக் கண நேர வேகம் தணியும்வரை நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெங்காயத் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தைச் சமையலறை மூலையில் வைக்கும் வீடுகள் வலிகாமத்தில் நிறைய. அதைப் பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்க வேண்டும். பெறுபேறு வரும் மாதத்தில் மட்டுமல்ல, எப்போதும்.

ஒரு வாரம் கழிந்ததும் மேசையில் மறுபடி ஒரு வெள்ளைத் தாள் வேண்டும். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவுத் திகதியைப் பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை முழுதாக வாசித்த பின்னரே விருப்பு ஒழுங்கை எழுத வேண்டும். உயிரியல் படித்த பிள்ளைக்கு மருத்துவம் தவறினால் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் என்று பல வழிகள் இருக்கின்றன. மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விட்ட விண்ணப்பத்தால் ஓர் ஆண்டை இழப்பது, புள்ளி குறைந்ததால் இழப்பதைவிடக் கொடுமையானது. சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மகாபொல புலமைப்பரிசில், பல்கலைக்கழக நிதியுதவி இரண்டையும் குறித்துவைக்கலாம்.

பல்கலைக்கழகமே வேண்டாம் என்ற பிள்ளையும், சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையும் இந்தத் தாளில் இடம்பெற வேண்டும். 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரம் சித்தியடையாதவரும் உயர்தரத் தொழிற்பிரிவில் சேரலாம். எந்தப் பாடசாலையில் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியலாம். என்.வீ.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள்: நாலாவது தேர்ந்த தொழிலாளிக்கானது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், கிளிநொச்சியில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எல்லாம் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. தகப்பனோ தாயோ பிள்ளையோடு நேரில் போக வேண்டும். பயிற்சிக் கூடத்தை நடந்து பார்க்க வேண்டும். அங்கே படிக்கும் இரண்டு பேரோடு கதைக்க வேண்டும். பாடநெறி எத்தனை மாதம், எந்த என்.வீ.கியூ. மட்டம், தொழிற்பயிற்சி எங்கே, கொடுப்பனவு உண்டா என்று நாலு கேள்வியை எழுதிக்கொண்டு போக வேண்டும். பதில்களைப் பிள்ளையே தன் கையெழுத்தில் குறித்துக்கொள்ளட்டும்.